பார்க்கலாம் சார்

இரங்கல் கூட்டத்தில் பொய் சொல்வது ஒன்றும் புதிதில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்தான். ஆனால் செத்தவரின் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையாவது மேனேஜர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"சார் தங்கமான மனுஷர்" என்று மைக்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார். "யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. எதைக் கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே 'பார்க்கலாம்'னு சொல்வார். அதனாலதானே நாம எல்லாரும் அவரைப் 'பார்க்கலாம் சார்'னு கூப்பிட்டோம்!"

கம்பெனி ஹாலில் சிரிப்பு எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கமான மனுஷர், சரி. எதிர்த்துப் பேசாதவரா? யாரைப் பற்றிப் பேசுகிறார் இந்த ஆள்?

நாம் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு வசதியான வார்த்தை அது. சைக்கிள் கேட்கும் மகனிடம் சொல்லலாம், லீவு கேட்கும் ஆளிடம் சொல்லலாம், கேட்டவரும் புரிந்துகொண்டு நடையைக் கட்டிவிடுவார். அவள் கணவர் ஒருவர்தான் அந்த வார்த்தையை அதன் பொருளிலேயே சொல்லித் தொலைத்தவர். பார்க்கலாம் என்றால் போய்ப் பார்ப்பார். பார்க்கும்வரை அவரிடம் சரியும் கிடையாது, இல்லையும் கிடையாது.

இது தெரியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமா? கல்யாணமான புதிதில், கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன்களை நிறுவிச் சோதித்துப் பார்க்கும் வேலைக்குக் கிளம்பினார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவரோ அங்கே வேலை முடிந்த சாயங்காலமெல்லாம் வாடகைக்கு வீடு தேடி ஏறி இறங்கி, குழாயைத் திறந்து, ஜன்னலைச் சாத்தி, மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டிக்கெட் வந்த அன்றைக்கு அவள் அம்மாவே தலையில் அடித்துக்கொண்டாள்.

பெரிய மகளும் தப்பவில்லை. தனக்குப் பிடித்த பையனைப் பற்றி அப்பாவிடம் நடுங்கிக்கொண்டே சொன்னாள். "பார்க்கலாம்மா" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். அவர் பஸ் பிடித்து அந்தப் பையன் வேலை செய்த மருந்துக்கடைக்குப் போய், இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் அவன் வயதானவர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தார். "பொறுமைசாலி. உனக்குச் சரியா இருப்பான்" என்றார். அந்த இருமல் மருந்து பிரிக்கப்படாமல் ரொம்ப நாள் அலமாரியில் கிடந்தது.

துறைமுகம், சிமெண்ட் ஆலை, கப்பல் கட்டும் தளம் என்று நாடு நாடாகச் சுற்றினார்கள். எங்கே போனாலும் அந்த ஊர் பாஷையில் 'கீழே நிக்காதே' என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்வார். பல பாஷைகளில் அதைத் தொண்டை கிழியக் கத்தத் தெரிந்தவருக்கு, அதே பாஷைகளில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பெண்களுக்கும் அவர்தான் தலை பின்னிவிடுவார். இரும்பு வடத்தை நாள் முழுவதும் தடவிப் பார்த்த கை. ஒரு பிசிறு இருக்காது.

எதிர்த்துப் பேசாதவராம்! ஒரு ஊரில் திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களை வெயிலில் காயவிட்டு, கிரேன் மேலே ஏறி பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவர் அவர். அன்றைக்கே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து, "பெட்டியைக் கட்டு, வேற கடல் பார்க்கலாம்" என்று சிரித்தார். கைக்குழந்தையோடு அவள்தான் பெட்டி கட்டினாள். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பெருமை அதைவிட அதிகம்.

இதையெல்லாம் கூட அவள் மென்று விழுங்கியிருப்பாள். மேனேஜர் அதோடு விட்டாரா?

"சார் படுத்த படுக்கையா இருந்தப்ப போய்ப் பார்த்தேன். நம்ம பெரிய கிரேனுக்குப் புது பிரேக் மாட்டினதைச் சொன்னேன். 'ஓட்டிப் பார்க்கலாம்'னு சொன்னார். என்கிட்ட அவர் கடைசியாச் சொன்னது அதுதான். அவர் ஆசைப்படியே, இந்தக் கூட்டம் முடிஞ்சதும் கிரேனை ஓட்டப் போறோம்."

கைதட்டல் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்றைக்கு மாத்திரையோடு கட்டில் பக்கத்திலேயே நின்றவள் அவள். நடந்தது அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். சின்ன மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உட்காரு. நாம இருக்கறது கம்பெனி வீடு."

"இருக்கட்டும்" என்று கையை விலக்கினாள். மைக்கெல்லாம் அவளுக்குத் தேவைப்படவில்லை. "நீங்க 'ஓட்டலாமா சார்'னு கேட்டீங்க. அவர் 'பார்க்கலாம்'னார். 'ஓட்டி' உங்களுது. 'பார்க்கலாம்' மட்டும்தான் அவருது. ரெண்டையும் ஒட்டவெச்சு எம் புருஷன் வாயில போடாதீங்க!"

மேனேஜர் அசடு வழிந்தார். "அம்மா, நீங்க துக்கத்துல இருக்கீங்க..."

"ஆமா, இருக்கேன். காது நல்லாத்தான் கேக்குது. அவர் 'பார்க்கலாம்'னா, எந்திரிச்சு வந்து பார்க்கறேன்னு அர்த்தம். அவரால எந்திரிக்க முடியலை. அந்த பிரேக்கை இன்னும் யாரும் பார்க்கலை."

"மாட்டினவங்க பார்த்திருக்காங்கம்மா."

"மாட்டினவங்களே பார்த்தா அதுக்குப் பேரு பார்க்கறதா?"

"இன்னிக்கு ஓடியே ஆகணும். மேலிடத்துக்குச் சொல்லியாச்சு" என்றார் மேனேஜர். குரலில் இருந்த மரியாதை கழன்றுவிட்டது.

அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டாள். ஹாலைத் தாண்டினால் பட்டறை. கூட்டம் பின்னாலேயே வந்தது. பெரிய கிரேனின் கொக்கிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் மட்டும் இருந்திருந்தால், எல்லாப் பாஷைகளிலும் அவளைத்தான் முதலில் திட்டியிருப்பார்.

"இப்ப ஓட்டுங்க" என்றாள்.

கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பகல் முழுதும் உச்சியிலுள்ள கூண்டிலேயே குடியிருப்பதால் அவருக்கு 'மாடிவீட்டுக்காரர்' என்று பெயர். ஏணியில் ஒரு கால் வைத்திருந்தவர், அந்தக் காலைக் கீழே எடுத்து வைத்தார்.

"ஏறுய்யா" என்றார் மேனேஜர்.

"அம்மா சொல்றது நியாயம் சார். வெளியில இருந்து ஒரு ஆள் வந்து பார்க்கட்டும். அப்புறம் ஏறறேன்."

"அது வரைக்கும்? எத்தனை நாள் ஆகும் தெரியுமா? மொத்த வேலையும் நின்னுரும்!" மேனேஜர் அவளிடம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிற மாதிரியே இல்லை, அடிக்க வருகிற மாதிரி இருந்தது. "எந்திரிங்கம்மா. வேலை நிக்குது!"

கணவர் போன நாளிலிருந்து அவள் யார் முன்னாலும் அழவில்லை. இப்போது கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. மேனேஜரை நேராகப் பார்த்தே பேசினாள்.

"நிக்கட்டும். என் வீட்டுக்காரர் மூச்சே நின்னு போச்சு. உங்க கிரேன் நாலு நாள் நிக்கக் கூடாதா?"

மாடிவீட்டுக்காரர் சுவரோரம் நடந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினார். மேனேஜர் அவரைத் தடுக்கவில்லை.