டீ நேரத்துக் கேசட்

"ஏனம்மணி, ஏசப்பா பாட்டுக்குக் கித்தாரும் தப்பட்டையும் போட்டா ஆரு வாங்குவாங்க? சபையில வெக்கறதா, எழவூட்டுல வெக்கறதா?"

துடியலூர் ஸ்டுடியோக்காரர் துரைசாமி என் பாட்டுகளை முதன்முதலில் கேட்டுவிட்டுச் சொன்னது இது.

போன வாரம் ஒரு கடையில் சுருட்டி வைத்திருந்த தேங்காய் நார்ப் பாயின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு மூச்சு முட்டியது. கடைக்காரம்மா தண்ணீர் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்! அந்த ஸ்டுடியோவின் நான்கு சுவரிலும் இந்தப் பாயைத்தான் அடித்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. டேப் ஓடும்போது ஃபேனும் கிடையாது. பக்கத்திலேயே மோட்டார் பம்ப் செய்யும் லேத் பட்டறை. அவர்கள் டீக்கு நிறுத்துகிற நேரத்தில் மட்டும்தான் பாட முடியும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவுதான். ஆனால் எனக்குச் சபை, துரைசாமிக்குக் கல்யாண வீடியோ. அதனால் டைப்பிஸ்ட் வேலையில் பர்மிஷன் கேட்டுவிட்டு ஓடுவேன். ஒரு டீக்கு ஒரு பாட்டு. பட்டறைக்காரர்கள் வடையும் வாங்கிவிட்டால் எங்களுக்குக் கூட ஒரு சரணம் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். மிஷன் ஹாஸ்டலில் கித்தார் கற்றேன். பாட்டெல்லாம் நானே எழுதியது. அவற்றில் ஏசு கடலைக்காட்டில் எங்கள் அம்மாவோடு கூலிக்கு நிற்பார். தப்புப் பறை அடித்தது என் அண்ணன் யாக்கோபு. எழவு வீடுகளில் அடிக்கிற அதே தப்பு, அதே கை. ஒரே மைக்கின் முன்னால் இரண்டு பேரும் வியர்த்து ஒழுக நின்று பதிந்தோம்.

எல்லாம் முடிந்ததும் எங்கள் பாஸ்டர் கேட்க வந்தார். இந்த மாதிரி கேசட் அப்போது விற்பது சபைகளில்தான். அவர் சரி என்றால்தான் வெளியே வரும்.

"பாட்டு நல்லாருக்கும்மா. தப்ப மட்டும் எடுத்துரு. சாவுக்கு அடிக்கறத ஆராதனைக்குக் கொண்டாரக் கூடாது."

ஒரே மைக்கில் பதிந்ததால் தப்பை மட்டும் எடுக்க முடியாது. எல்லாவற்றையும் மறுபடி பாட வேண்டும்.

"பாடிப்போடு கண்ணு. நானென்ன சினிமாவுக்கா போகப்போறேன்?" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

லேத் நின்றது. டேப் ஓடியது. எனக்குப் பாட வாய் வரவில்லை. பாடினால் அண்ணன் வெளியே. பாடாவிட்டால் பாட்டு உள்ளே. பாஸ்டர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்.

"பாடு அம்மணி, டீ குடிச்சுப்போட்டு வந்துருவாங்க!" என்று துரைசாமி பதறினார்.

கித்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பட்டறை மறுபடி இரைய ஆரம்பித்தது.

"அண்ணனில்லாம எனக்குப் பாட்டு வராதுங்க ஐயா."

"அப்பக் கேசட்டும் வராதும்மா," என்று பாஸ்டர் எழுந்து போனார்.

ரோட்டை அகலப்படுத்தியபோது ஸ்டுடியோ போயிற்று. பட்டறை எங்கே போனதென்று தெரியவில்லை. பாஸ்டரும் மாற்றலாகிவிட்டார். அண்ணன் தப்பைத் தொடுவதே இல்லை; கேட்டால் கை வலி என்பான். நான் மட்டும், வேலை, வீடு என்று எங்கே இருந்தாலும் அந்த அறைக்குள்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்டுடியோவைக் காலி செய்தபோது துரைசாமி என்னிடம் கொடுத்த முதல் டேப்பை, தப்போடு, நேற்று உக்கடத்தில் கேசட் பிரதி போட்டு விற்கிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தச் சபையையும் கேட்கவில்லை. அட்டையில் யாக்கோபு பெயரைத்தான் முதலில் போடச் சொல்லியிருக்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.