சாமி படக் கண்ணாடியோடு தண்ணீருக்குள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் இலங்கை மலையகத்துப் பதுளை பஜாரில் ஒரு படக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். சாமி படம், கல்யாணப் போட்டோ, இறந்தவர்களின் படம், எது வந்தாலும் சட்டம் போட்டுக் கண்ணாடி பொருத்துவது என் வேலை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்ணாடி வெட்டுவதில் பதுளையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. முதலாளி அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர் கடைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பைக்குள்ளிருந்து கறுப்பு ரப்பரில் செய்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற, கடலில் முங்குகிறவர்கள் மாட்டும் முகமூடி. திருகோணமலையில் வேலை செய்யும் மச்சான் கொடுத்தாராம். சுத்தியல் விழுந்து முன்பக்கக் கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது.

அவர் தோட்டத்தில் தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டுவது ஒரு குளத்துத் தண்ணீர். குளத்தின் அடியில், குழாயின் வாயில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. அடைமழையில் கிளையும் சருகும் அடித்து வந்து அதை அடைத்துவிட்டன. குளத்தை வடிக்கலாம் என்றால், வடிக்கிற கதவு துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறதாம்.

"பன்னெண்டு அடி ஆழம், தம்பி. கண்ணு தெரியாம கம்பிக்குள்ள கைய விடப் பயமா இருக்கு. நாளைக்குள்ள முடிச்சாகணும்னு தோட்டத்துப் பெரிய தொரை ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுப்பா."

வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காத காலம் அது. புது முகமூடிக்கு எங்கே போவது? நான் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் பள்ளத்தில் பழைய கண்ணாடியின் மிச்சம் கற்கண்டுத் துண்டுகளாகக் கிடந்தது. விரலால் வழித்து எடுத்தேன், ஒன்றுகூடக் கையைக் கீறவில்லை. "என்னண்ணே, பொரி மாதிரி உதிருது? மட்டமான சாமான்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

சாமி படங்களுக்குப் போடும் கண்ணாடியில் வெட்டினேன். வளைவாக வெட்டுவது எல்லோராலும் முடியாது. ஓரத்தைக் கல்லில் தேய்த்து, பள்ளத்தில் உட்கார வைத்து, இரும்புப் பட்டியை இறுக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

அவருக்கு இன்னொரு கவலை. "மூச்சுப் பட்டு உள்ளுக்குள்ள மங்கிப் போகுமே? எச்சியத் துப்பித் தேய்க்கணும்னு மச்சான் சொன்னான்."

அவர் வாய் நிறைய வெற்றிலை. "வாயக் கொப்புளிச்சிட்டுத் துப்புங்கண்ணே, இல்லேன்னா குளமே செவப்பாத் தெரியும்" என்றேன். இருவரும் சிரித்தோம். அதோடு விட்டேனா? அப்புத்தளைப் பக்கத்துப் பனியில் பஸ் டிரைவர்கள் முன்கண்ணாடியில் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அரைக் கிழங்கு வாங்கி வந்து, கண்ணாடியின் உட்புறம் பாதியில் மட்டும் தேய்த்துக் கழுவி, வாயால் ஊதிக் காட்டினேன். தேய்க்காத பாதி மங்கியது. தேய்த்த பாதி பளிச்சென்று இருந்தது. "கெட்டிக்காரன்யா நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் அதே கண்ணாடித் தகட்டின் மிச்சத்தை வெட்டும்போது அது ஏறுக்குமாறாக விண்டு, ஒரு சில்லு என் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முதலாளி துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்க, நான் மேசையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் இரத்தத்தோடு விரல் நீளத்துக்குக் கூரான சில்லு. அந்தப் பக்கம் நேற்று வழித்துப் போட்ட மொட்டைத் துண்டுகள்.

அப்போதுதான் உறைத்தது. வாகனங்களின் பக்கக் கண்ணாடி உடைந்தால் இப்படித்தான் பொடியாகக் கொட்டும். ஆளைக் கிழிக்கக் கூடாது என்றே அதை அப்படிச் செய்கிறார்கள். அதை வெட்டவும் முடியாது, வெட்டப் போனால் மொத்தமும் உதிர்ந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதியா? கராஜ்காரர்களுக்கு நானே விளக்கம் சொல்லியிருக்கிறேன். முகமூடி செய்தவன் யோசித்துப் போட்ட கண்ணாடியை மட்டம் என்று சொல்லிவிட்டு, ஒரு மனிதனின் இரண்டு கண்ணுக்கும் முன்னால் இந்தச் சில்லைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். மங்காமல் இருக்க அத்தனை யோசித்தவன், உடைந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி, அந்தத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மழையில் லைன் செத்துக் கிடந்தது. பசறை பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அந்த பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது கை காட்டினார்கள், அரிசி மூட்டையை ஏற்றினார்கள், இறக்கினார்கள். பக்கத்தில் இருந்தவர் கையில் என்ன காயம் என்று அக்கறையாகத்தான் கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. 'இன்னும் இறங்கியிருக்க மாட்டார்' என்று ஒரு முறை சொல்லிக்கொள்வேன். உடனே, கம்பியில் முகம் இடிப்பது கண்முன்னே வரும்.

இறங்கியதும் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் ஏறினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் குளத்துக்கு வழி கேட்டேன்.

"பிட்டரு முங்குறதப் பாக்கவா போறீங்க? அவரு வெள்ளனமே எறங்கிட்டாரே!"

மூச்சு வாங்க ஓடினேன். குளக்கரையில் ஐந்தாறு பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கயிறு தண்ணீருக்குள் போயிருந்தது. அவர் அடியில் இருந்தார். கத்திப் பயனில்லை. அவர் மேலே வரும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

வந்தார். முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்ததும் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"வாப்பா, வா! டேய், இவன்தான்டா கண்ணாடி போட்ட ஆளு. கொஞ்சங்கூட மங்கலப்பா, கம்பிய ஒண்ணொண்ணா எண்ணலாம். நாலு தரம் எறங்கிட்டேன். ரெண்டு தரம் கம்பியில முட்டிக்கிட்டேன், அசையலியே!"

எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். பாராட்டைக் கேட்டு நான் அப்படிக் கூசிப்போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"அண்ணே, அதக் கழட்டிக் குடுங்க."

"இன்னும் ஒரே தரம்ப்பா, முடிஞ்சிரும்."

"கழட்டுங்கண்ணே!" என் சத்தத்தில் அவர் திகைத்துப்போய்க் கழற்றிக் கொடுத்தார்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. கட்டை விரலால் லேசாகத்தான் அழுத்தினேன். மூன்றாக விண்டது. கூரான துண்டு ஒன்று உள்பக்கமாக, அவருடைய இடது கண் இருக்கும் இடத்தில் விழுந்தது.

"நான் போட்டது தப்புண்ணே. இது சாமி படத்துக்குப் போடுற கண்ணாடி, ஒடைஞ்சா இப்பிடித்தான் ஒடையும். நேத்து நான் யோசிக்கல" என்றேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் இடது கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு மூணு புள்ளைங்கப்பா" என்றார்.

மிச்ச வேலையை அவர் முகமூடி இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவியே செய்தார். நல்ல கையால் நானும் கயிற்றைப் பிடித்தேன். ஒரு தரத்தில் முடிந்திருக்க வேண்டியது சாயங்காலம் வரை இழுத்தது. குழாயில் தண்ணீர் இரைந்து ஓடியபோது மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கையைத் தூக்கவே மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து மச்சான் இன்னொரு முகமூடி அனுப்பினார் என்று பிட்டர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இதற்கென்றே செய்த கண்ணாடிதான் என்று ஓரத்தில் பொறித்திருந்தது. உடைந்தால் தூக்கிப் போடுங்கள், என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும் மாற்றக் கொடுக்காதீர்கள் என்றேன். தலையாட்டினார். இந்த முறை முதுகில் தட்டவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வருஷம் கண்ணாடி வெட்டினேன், நன்றாகவே வெட்டினேன். ஆனால் அந்த நாலு தரமும் அவர் இரண்டு கண்ணோடும் மேலே வந்தது என் கைத்திறமையால் அல்ல என்பது, யாராவது என் வேலையைப் பாராட்டும் ஒவ்வொரு முறையும் சந்தோஷத்துக்கு முன்னால் வந்து நெஞ்சில் இடிக்கிறது.