மேசை படுக்கையாகும் வரைக்கும்

லண்டன் செவன் கிங்ஸில் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் ஒருவரும் அஞ்சலீனாவின் தலையணையைக் கண்டதில்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி, சோபாவை மடக்கி, போர்வையை மூலைக்கு மூலை ஒட்டவைத்து மடித்து, படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் வைத்துவிடுவாள். பிறகு யன்னல் திரையை விலக்குவாள். அந்த நிமிடத்தில் இருந்து அது அவள் படுக்கிற இடம் இல்லை, வீட்டின் முன்னறை. தபால்காரன் வந்து எட்டிப் பார்த்தாலும் அங்கே ஒருத்தி இரவைக் கழித்தாள் என்று சொல்லமாட்டான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஊர் பேசாலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய் செத்த பிறகு தம்பி பெனடிக்ற்றை வளர்த்து, படிப்பித்து, கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்ப் பிளேன் ஏற்றியவள் அவள்தான். பிறகு அவனே அவளைக் கூப்பிட்டான். அவள் லண்டன் வந்தபோது அவனுடைய மகன் டெனுசன் தவழ்ந்துகொண்டிருந்தான். மேல்மாடியில் கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஒரு சின்ன அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். முழுதாகத் திறக்காவிட்டாலும் அது மூடுகிற கதவு. அவனுடைய மகள் ஜெஸ்ரின் வளர்ந்து, தனி அறை கேட்டு அழுத அன்று, "நான் கீழ சோபாவில படுக்கிறன். எனக்கென்ன, தலை சாய்க்க ஒரு இடம்" என்று சொன்னதும் அஞ்சலீனாவேதான். ஒருவரும் அவளைத் தள்ளிவிடவில்லை. அதனால்தான் திரும்பக் கேட்க வழியில்லாமல் போயிற்று. சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

ஜெஸ்ரின் இப்போது ஏ-லெவல் படிக்கிறாள். பெனடிக்ற் முன்னறையில் பந்து விளையாட்டுப் பார்த்து முடிக்கும் வரைக்கும் அஞ்சலீனா குசினிக்குள் நின்று, கழுவின கோப்பையையே திரும்பத் துடைப்பாள். விருந்தினர் எழும்பும் வரைக்கும் கதிரையில் நேராக இருந்து கண்ணைத் திறந்துவைத்திருப்பாள். நித்திரை வந்துவிட்டது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த ஆவணியில் குடும்பமாக ஊருக்குப் போய், மடு மாதாவின் திருநாளுக்கு ஒன்பது நாள் நவநாளும் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் தங்குவது என்று முடிவானபோது, அவள் தன் சம்பளத்தில் ஒரு கூடாரம் வாங்கினாள். அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பக்கத்துக் கடையில், பச்சை நிறம், இரண்டு பேர் படுக்கலாம். எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் போன ஒரு பகலில் பின்வளவில் அதை நிமிர்த்தி, உள்ளே போய், ஸிப்பை மேலிருந்து கீழே இழுத்து மூடிவிட்டு இருந்தாள். ஒன்றும் செய்யவில்லை. காலை நீட்டினாள். தலைமயிரை அவிழ்த்துவிட்டாள். பச்சை வெளிச்சத்துக்குள், ஒருவர் வருகிறாரோ என்று காது கொடுக்காமல் அவ்வளவு நேரம் இருந்து எத்தனையோ வருசமாகியிருந்தது. மடுவில் நவநாள் முழுக்க இப்படிக் கிடக்கலாம். அது ஒன்றுதான் அவளுக்கு அந்தப் பயணத்தில் வேண்டியிருந்தது. மாதா கோபிக்கமாட்டா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை சாப்பாட்டு மேசையில் பெனடிக்ற் சொன்னான்: "கொழும்பில ஒரு கரவான் வாடகைக்குப் பிடிச்சிட்டன். வானுக்குப் பின்னால கொழுவி இழுத்துக்கொண்டு நேர மடுவுக்குப் போறம். உள்ளுக்குக் குசினி, கட்டில், எல்லாம் இருக்கு."

"ரொய்லெற்?" என்றாள் அவன் மனைவி றூபினி.

"அதுவும்."

"அப்ப நான் வாறன்."

அஞ்சலீனாவின் கையில் இருந்த சோற்றுக்கரண்டி அப்படியே நின்றது. "மடுவில ஆர் தம்பி கரவானில இருந்தது? சனம் முழுக்க மரத்துக்குக் கீழ கிடக்குது. நாங்கள் மட்டும் பெட்டிக்குள்ள இருந்து எட்டிப் பாக்கிறதோ? பேசாலை ஆக்கள் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பினம்."

"மச்சாளுக்கு எப்பவும் ஊராக்கள்ற வாய்தான் கவலை" என்றாள் றூபினி. "பாம்பு பூச்சி வந்தால் ஊராக்களோ வந்து அடிப்பினம்?"

"மாதாட்டப் போறது சொகுசுக்கில்லை."

"மாமி, மாதாவே கோயிலுக்குள்ள கண்ணாடிப் பெட்டியிலதானே இருக்கிறா" என்றான் டெனுசன். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலீனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. சிரித்த பிறகு கோபத்துக்கு இடமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மாதாவைத் துணைக்கு இழுத்தால் வேறென்ன நடக்கும்.

பெனடிக்ற் அதோடு விடவில்லை. ஸ்ட்ரெதமில் இருக்கிற சிநேகிதன் கனகலிங்கத்திடம் அதே மாதிரிக் கரவான் ஒன்று இருந்தது. பிள்ளைகள் பார்த்துப் பழகட்டும் என்று பெனடிக்ற் அதை ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு முன்னால் கார் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளைக் கரவான் முன்னறை யன்னலை அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் அஞ்சலீனா திரையை விலக்கினாள். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்தக் கிழமை முழுக்க அவள் திரையை விலக்குவதையும் மூடுவதையும் மட்டும் ஒழுங்காகச் செய்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கரவானுக்குள் ஏறினார்கள். வெளியே மழை தூறியது. றூபினி புரியாணிச் சட்டியோடு வந்தாள். உள்ளே மூன்று பக்கமும் மெத்தை போட்ட இருக்கை, நடுவில் மேசை.

"அக்கா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. நல்ல இடம், யன்னல் பக்கம்" என்றான் பெனடிக்ற். அவள் நகர்ந்து நகர்ந்து மூலைக்குப் போனாள். ஒரு பக்கம் டெனுசன், மறுபக்கம் ஜெஸ்ரின், முன்னால் மேசையின் விளிம்பு வயிற்றில் முட்டியது. யன்னலுக்கு வெளியே அவளுடைய முன்னறை யன்னல். அதற்குள் அவள் மடக்கிவைத்த சோபா தெரிந்தது.

பெனடிக்ற் கட்டில்களைப் பிரித்துக் கொடுத்தான். பின்னால் இருக்கிற பெரிய கட்டில் அவனுக்கும் றூபினிக்கும். மேலும் கீழுமாக இருக்கிற இரண்டும் பிள்ளைகளுக்கு.

"அக்காவுக்குத்தான் திறமான இடம்" என்று மேசையைத் தட்டினான். "இதை இறக்கிவிட்டால் பெரிய கட்டில். எல்லாரையும்விட அகலம்!"

"ஸோ மாமி, நாங்கள் சாப்பிட்டு முடிஞ்சு, காட்ஸ் விளையாடி முடிஞ்சு, பிறகு நீங்க படுக்கலாம்" என்றாள் ஜெஸ்ரின், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்.

"விடிய வெள்ளன எழும்பிடுவாதானே மச்சாள். தேத்தண்ணிக்கு மேசை வேணும்" என்றாள் றூபினி.

அஞ்சலீனா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டு ஐயாயிரம் மைல் போனாலும் இந்தச் சோபா பின்னாலேயே வரப்போகிறது, சில்லுப் பூட்டிக்கொண்டு.

"படுக்க ரென்ற் ஒண்டு வாங்கினனான்" என்றாள்.

"தெரியும் அக்கா. அலுமாரிக்குள்ள கண்டனான். ஆனால் உங்கட முழங்கால்?" பெனடிக்ற்றின் குரல் தணிந்தது. "போன வருசம் கோயில் பயணத்தில புல்லில இருந்து எழும்பேலாமல் நீங்கள் பட்ட பாடு. ஒருத்தருக்கும் சொல்லாமல் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டியள். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இந்தக் கரவான் றூபினிக்கு எண்டோ நினைச்சியள்? உங்களுக்காகத்தானே பிடிச்சனான்."

அது மேசையைவிட இறுக்கமாக அவளை முட்டியது. றூபினியின் சொகுசு என்றால் சண்டை பிடித்திருக்கலாம். தம்பியின் பாசத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? யன்னல் கண்ணாடி முழுக்க ஐந்து பேருடைய மூச்சு ஆவியாகப் படிந்திருந்தது.

"எழும்புங்கோ" என்றாள்.

"என்ன மாமி?"

"எல்லாரும் எழும்புங்கோ. நான் வெளியில போகவேணும்."

புரியாணிச் சட்டியை ஒருவர் தூக்க, கோப்பையை ஒருவர் பிடிக்க, டெனுசன் தலையை மேல்தட்டில் இடித்துக்கொள்ள, அவள் வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய், அலுமாரியைத் திறந்து, கூடாரப் பையை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். தூறலுக்குள் தடிகளைப் பூட்டி, நான்கு மூலையும் ஒரே இழுவையில் நிற்கும்படி ஆணி அடித்தாள். ஒரு மூலை சரிந்திருந்தது. பிடுங்கித் திரும்ப அடித்தாள். பிறகு குனிந்து உள்ளே போய் ஸிப்பை இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஈரப் புல்லில் சப்பாத்துச் சத்தம். "அக்கா?" ஸிப் வெளியில் இருந்து ஒரு சாண் திறந்தது.

"கையை எடு."

கை நின்றது.

"தட்டாமல் திறக்கிறியோ?"

"இது சீலை அக்கா. இதில எப்பிடித் தட்டுறது?"

"வாயால கேள்."

மழை கூடாரத்தில் விழுந்தது. பிறகு பெனடிக்ற், சின்ன வயதில் பேசின குரலில், "நான் என்ன பிழை விட்டனான்?" என்றான்.

"பிழை ஒண்டும் இல்லை தம்பி. மேசை வேண்டாம். எனக்கு ஒரு கதவு வேணும். நானா மூடி, நானாத் திறக்கிற கதவு. நீங்கள் கரவானில இருங்கோ. நான் பக்கத்தில இதுக்குள்ள இருப்பன். காட்டில மட்டும் இல்லை, இங்கயும்தான். அந்தச் சோபாவில இனி என்னால ஏலாது." அவன் திறந்த ஒரு சாணைத் திரும்ப இழுத்து மூடினாள். "நானாச் சொல்லித்தான் கீழ வந்தனான். இப்பவும் நானாத்தான் சொல்லுறன்."

பெனடிக்ற் மேல்மாடி அறைகளை மனதுக்குள் எண்ணிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கூட்டினாலும் கழித்தாலும் அவை மூன்றுதான். குசினி யன்னலில் றூபினியின் குரல் கேட்டது: "என்னவாம்?"

"ரென்ற்றைக் கொண்டுபோவம்" என்றான் கடைசியில். "வீட்டுக்கு என்ன செய்யிறதெண்டு எனக்கு இப்ப தெரியேல்லை அக்கா. ஆனால் நீங்கள் சொன்னதைக் கேட்டிட்டன்."

அஞ்சலீனா எழும்பப் பார்த்தாள். முழங்கால் மடங்கினபடியே நின்றது. கையை ஊன்றினாள், ஈரத் தரை வழுக்கியது. இன்னொருமுறை. பல்லைக் கடித்தாள். அவன் சொன்ன முழங்கால் பொய்யில்லை. தானே மூடின கதவுக்குள் தானே அகப்பட்டுப்போனாள்.

வெளியே தம்பி ஈரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஸிப்பைத் தொடவில்லை. செருமினான்.

"அக்கா, வரலாமோ?"

அவள் தலைமயிரை அள்ளி முடிந்தாள். கன்னத்தைத் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"கொஞ்சம் பொறு" என்றாள். அவன் பொறுத்தான்.

பிறகு அவளே எட்டி ஸிப்பைத் திறந்து, கையை வெளியே நீட்டினாள்.