சூரியக்காவும் அணைக்காரரும்

எல்லையோரத் துணை மின்நிலையத்தில் அவளை எல்லோரும் சூரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் இந்தப் பக்கத்து வெயிலில் விளைந்த மின்சாரம் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போகும். வெயில் தாழ்ந்ததும் அங்குள்ள அணையின் மின்சாரம் இங்கே வரும். எவ்வளவு போக வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்று அந்தப் பக்கத்து நிலையத்தோடு தொலைபேசியில் பேசுவது அவள் வேலை. மறுமுனையில் பெரும்பாலும் ஒரே குரல்தான், கனத்த குரல். அந்த ஆளுக்கு இவள் வைத்த பெயர் அணைக்காரர்.

அந்தத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். மின்சாரக் கணக்கைத் தவிர வேறு பேச்சு கூடாது. வருடக்கணக்கில் இருவரும் எண்களையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கணவன் மாரடைப்பில் போய்விட்டான். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்வரை, வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "பொண்ணை எப்படிக் கரையேத்தப் போற?" என்றே கேட்டு அவளை ஓய்த்திருந்தார்கள். திரும்பிய நாள் மாலை தொலைபேசியை எடுத்தாள்.

"எண்பது மெகாவாட் வேணும்" என்றாள். குரல் பிசிறியது.

"தர்றேன்." ஆனால் அவர் போனை வைக்கவில்லை. "ஏம்மா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"முதல்ல சாப்பிடு. மின்சாரம் எங்கயும் ஓடிப்போயிடாது."

அடுத்த வாரம் இருவருக்கும் அவரவர் அலுவலகத்தில் மெமோ வந்தது. சூரியக்கா மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

"தப்புதான் சார். ஆனா என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் என்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்ட முதல் ஆள் அவர்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெமோவைத் திரும்ப வாங்க அவரால் முடியாது. "இனி நடக்காதுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா" என்றார் மெதுவாக. எழுதிக் கொடுத்தாள். மறுபடியும் எண்கள்தான். ஆனால் அணைக்காரர் "சரிம்மா" என்று இழுத்துச் சொல்லும்போது அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பிறகு இரண்டு நாடுகளும் பணம் போட்டு இரண்டாவது மின்பாதை அமைத்தன. அதற்கான பயிற்சிக்குப் பக்கத்து நாட்டு நிலையத்துக்குப் போக ஆள் கேட்டார்கள். சூரியக்கா முந்திக்கொண்டு கை தூக்கினாள்.

அணைக்காரர் பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டார். அவள் மலை மாதிரி ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றவருக்குச் சட்டைதான் பெரிதாக இருந்தது.

"குரலைக் கேட்டு ஏமாந்துட்டியாம்மா? ஆள் லோ வோல்டேஜ்தான்!" என்றார்.

வீட்டில் அவர் மனைவி இவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீதானா அந்தத் தங்கச்சி! காலையில எழுந்ததும் இவர் டிவியில உங்க ஊர் வானிலையைத்தான் பார்ப்பார். இங்க மழை கொட்டி, கொடியில துணி நனைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. அங்க மேகம்னா மட்டும் மூஞ்சி வாடிடும்."

"மேகம் போட்டா அங்க மின்சாரம் குறையும். இந்தப் புள்ள தனியா உக்காந்து தவிக்கும்ல?" என்று முணுமுணுத்தார் அவர்.

சூரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"அண்ணி, துணி!" என்று கத்திக்கொண்டே கொடியை நோக்கி ஓடினாள்.