மாலை போட்ட மாதத்தில் கேட்ட கேள்வி

டொக்டரின் ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தபோது எனக்கும் ஒரு பிரதி தந்தார். குடிக்கு அடிமையானவர்களின் உடம்பில் சீனியும் கொழுப்பும் ஈரலும் என்ன பாடுபடுகின்றன என்பதைப் பற்றியது. முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற உறவினர்களுக்கு அம்மா அந்த ஒரு வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். மீதியை நானே இரண்டு தரத்துக்கு மேல் படித்ததில்லை. படிக்கும்போது ஏதாவது தோன்றும் என்று காத்திருப்பேன். ஒன்றும் தோன்றாது.

டொக்டர் அக்குறணைக்காரர், முஸ்லிம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். மஹய்யாவையில் வீடு வீடாகப் போய் ஆண்களிடம் குடியைப் பற்றிக் கேட்டு எழுத, அந்த இடத்திலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தி அவருக்குத் தேவைப்பட்டாள். இரத்தம் எடுப்பது அவர் வேலை, கேள்வி கேட்பது என் வேலை. முதல் நாளே சொல்லிவிட்டார்: “பதில் என்னவா இருந்தாலும் மொகத்த மாத்தாதீங்க. நீங்க மொகத்த மாத்தினா அடுத்த பதில் பொய்யாத்தான் வரும்.” அதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதற்கும் முகத்தை மாற்றுவதில்லை.

அப்பா குடிப்பார். தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை முடிந்து, வரும் வழியில் குடித்துவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்து படுத்துக்கொள்வார். பல நாள் சாப்பிடவும் மாட்டார். அடி, ஏச்சு எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் அவரைத் தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார்கள். காலையில் அவர் பாயைத் தாண்டித்தான் நாங்கள் குழாயடிக்குப் போக வேண்டும். தாண்டிப் போவோம், அவ்வளவுதான்.

நாங்கள் கேள்விப் படிவத்தோடு இறங்கியது மார்கழி நடுவில். படிவத்தின் முதல் கேள்வி, கடந்த முப்பது நாட்களில் மது அருந்தினீர்களா என்பது. இல்லை என்றால் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கேள்விகளுக்குப் போய்விட வேண்டும். எங்கள் பக்கத்தில் கார்த்திகை பிறந்ததுமே பாதி ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். கறுப்பு வேட்டி, விடியற்காலைக் குளியல், வாய்க்கு வாய் சாமி. சாராயத்தை மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கேட்டதும் இல்லை என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. டொக்டருக்கு ஒரே சந்தோஷம். குடிப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே இடத்தில் குடிக்காதவர்கள் இத்தனை பேர் கிடைப்பார்கள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஒருவர் ஆண்டவனுக்காகக் குடியைத் தொடவில்லை என்றால் ஆயுளுக்கும் தொடமாட்டார் என்பதுதான் அவர் பிறந்த வீட்டில் கண்டது. எங்கள் ஆட்களுக்கு அது இரண்டு மாதக் கணக்கு. தை பிறந்து மாலையைக் கழற்றியதும் பழைய குருடி கதைதான். இது எனக்குத் தெரியும். சொல்லாததற்கு என்ன காரணம் என்று இன்றைக்குக் கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பட்டியலில் எங்கள் வீட்டு இலக்கமும் வந்தது. “ஒங்கட வாப்பாவ நான் கேக்கட்டா?” என்றார் டொக்டர். நானே கேட்கிறேன் என்றேன். அப்பா கறுப்பு வேட்டியோடு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த மாதத்தில் அவர் முகம் தெளிந்து, கை நடுக்கம்கூடக் குறைந்திருந்தது. அந்நியரிடம் கேட்பதைப் போலவே கேட்டேன்.

“மாலை போட்டுருக்கேனேம்மா. இல்லைன்னு போடு.”

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். பக்கத்தைப் புரட்டினேன். அப்பாவைப் பற்றி அப்படி ஒரு சொல்லை எழுத எனக்கு ஆசையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்குச் சீனி எக்கச்சக்கமாக இருந்தது. டொக்டரே கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். குடிப்பழக்கம் இல்லை என்றும் அதில் எழுதினார். நான் தந்த படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினார். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் நான்தான். சீனியைக் குறைக்கிற குளிசை தந்தார்கள். குடிக்கிறவர் என்று தெரிந்திருந்தால் அந்தக் குளிசையைத் தந்திருக்க மாட்டார்கள், அல்லது பத்துத் தடவை எச்சரித்திருப்பார்கள். அப்பா குளிசை விஷயத்தில் மகா ஒழுங்கு. தை மாதம் மாலையைக் கழற்றிய பிறகும், குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு படுக்கும் நாளிலும், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மாசியில் ஒரு காலை, அப்பா பாயில் கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. குறட்டை வழக்கத்தைவிடக் கரகரப்பாக இருந்தது. வேலைக்கு எழுப்பவில்லையா என்று அம்மாவைக் கேட்டேன். “போதை தெளியட்டும்” என்றார். நான் தாண்டிப் போய் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, மறுபடியும் தாண்டி, படிவங்களை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நடுப்பகலில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, மூளைக்கு எட்டாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். விடிந்ததுமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார்கள். நான்காம் நாள் அப்பா இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன், தேத்தண்ணி கொடுத்தேன்.

எட்டாம் நாள் டொக்டர் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “குடிக்காத மனுசருக்கு ஏன் இப்பிடி சீனி எறங்கினது எண்டு எனக்கு வெளங்குதே இல்ல” என்றார். நான் சொன்னேன். மாலையைப் பற்றி, கழற்றுவதைப் பற்றி, மற்றவர்களைப் பற்றி. அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“எத்தன பேரு?”

“கறுப்பு வேட்டி கட்டின எல்லாரையும் திரும்பக் கேக்கணும், டொக்டர்.”

“ஏன் எனக்கிட்ட செல்லல்ல?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை கேட்கவில்லை.

கட்டுரை எழுதுவதை நிறுத்திவிட்டு, சித்திரை கழிந்ததும் மறுபடி வீடு வீடாகப் போனோம். இந்த முறை மாலை போடாத மாதங்களைப் பற்றிக் கேட்டோம். பெரும்பாலானோர் அன்று நாங்கள் விட்டுவிட்டுப் போன குடிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஒரு படிவம் மிஞ்சியது. இறந்தவருக்காக இன்னொருவர் சொல்லும் பதிலை ஆய்வில் சேர்க்க முடியாது என்றார் டொக்டர். தெரியும், ஆனாலும் என்னிடம் கேளுங்கள் என்றேன். யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கம் முழுவதையும், முகத்தை மாற்றாமல், வரிசையாகக் கேட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு? கால் போத்தல், சில நாள் அரை. எத்தனை வருடமாக? நான் பிறக்கும் முன்பிருந்தே. குடித்தபோது நடந்ததை மறந்த நாட்கள் உண்டா? உண்டு. எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன்.

கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“குடியைக் கொறைக்கச் செல்லி, ஊட்டுல யாராவது அவருக்கிட்ட செல்லி ஈக்காங்களா?”

வாசலில் அம்மா நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

“இல்லை” என்றேன். டொக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.