ரைட் அவுட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

எங்கள் கல்லூரி அணிக்கு நல்ல பின்வரிசை இருந்தது. கோல் காப்பவரும் பரவாயில்லை. முன்வரிசைதான் இல்லை. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் பழைய மாணவர் சங்கத் தலைவர் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஞாயிறு ஆட்டம் முடிந்து வருகிறவர்கள் அதற்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கூடி இதைத்தான் பேசுவார்கள். நான் வாசலோர மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் கல்லூரி என்பது முதலாம் வகுப்பிலிருந்தே தொடங்கும் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பாரிசில் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கோடையில் அவற்றுக்கிடையே உதைபந்தாட்டப் போட்டி நடக்கும். அந்தந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது விதி. நான் அங்கே ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். மற்றவர்கள் விஞ்ஞான வாத்தியாரையும் சோதனைப் பெறுபேற்றையும் பற்றிக் கதைக்கும்போது தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் பெயர் சங்கத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை. எழும்பிப் போ என்று ஒருவரும் சொன்னதும் இல்லை.

2009இல் போட்டி நடக்கவில்லை. போர் முடிந்த அந்த வைகாசியில் எல்லோரும் தெருவில் நின்றோம். ஊரில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தெரியாமல் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி நின்றோம். அடுத்த கோடையில் ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது முன்பைவிடக் கூடுதலான சனம் வந்தது. வந்தவர்கள் கைதட்டவில்லை, திட்டினார்கள். திட்டுவதற்கு எங்களிடம் அந்த முன்வரிசை ஒன்றுதான் இருந்தது.

"நடுவில நிக்கிறவருக்கு நாப்பத்தொரு வயசு," என்றார் ஒருவர். அவர் முன்பு அணிக்குக் கோல் காத்தவர். அதனால் எங்கள் மத்தியில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "பந்து வரேக்கை மனுசன் நாரி நோவெண்டு இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"லெப்டில நிக்கிறவர் ஓடுவார்தானே?"

"அவரோ? அவர் மெத்ரோவுக்கே ஓடமாட்டார். அடுத்தது வரும் எண்டு நிப்பார்."

தலைவர் சிரிக்கவில்லை. "பகிடியை விடுங்கோ. பின்னுக்கிருந்து நல்லாத்தான் அடிச்சுக் குடுக்கிறாங்கள். வாங்கிக்கொண்டு ஓட ஆளில்லை. எங்களுக்கு ஒரு ரைட் அவுட் வேணும். வலது கரையால வெட்டிக்கொண்டு போறவன் ஒருத்தன்."

அப்போது நான் புறநகரான ஒபர்வில்லியேயில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் இருந்தேன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. வீட்டுக்கு ஐந்தாவது ஆளாக வன்னியிலிருந்து ஒருவன் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வயது. முகாமிலிருந்து வெளியே வந்து, மனைவியையும் மகளையும் ஒரு தகரக் கொட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தான். எங்கள் உணவகத்திலேயே காய்கறி வெட்டும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டேன். அவனுடைய அகதி வழக்கு முதல் தடவை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. அதில் வென்றால்தான் வதிவிட அட்டை. அட்டை கிடைத்தால்தான் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அவன் கதைப்பதெல்லாம் அது ஒன்றுதான்.

ஒரு காலை நாங்கள் தரிப்பிடத்துக்கு வரும்போது பேருந்து புறப்பட்டுவிட்டது. நான் நின்றுவிட்டேன். அவன் ஓடினான். அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் மொத்த வியாபாரக் கிடங்குகள். நடைபாதை முழுக்கத் தள்ளுவண்டிகள், அட்டைப் பெட்டிகள், சாமான் இறக்குகிற ஆட்கள். ஒன்றிலும் முட்டாமல், வேகம் குறையாமல், இடது வலது என்று வெட்டி வெட்டிப் போனான். அடுத்த தரிப்பிடத்தில் பேருந்துக்கு முன்னால் போய் நின்று, நான் மூச்சு வாங்கி வந்து ஏறும்வரை கதவில் கையை வைத்துக்கொண்டிருந்தான். சாரதி ஏதோ ஏசினார்.

அடுத்த ஞாயிறு தேநீர்க் கடையில் நான் வாய் திறந்தேன். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கிறார். நல்லா ஓடுவார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அவனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். முன்னாள் கோலி தலைவரைப் பார்த்தார், தலைவர் அவனிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டார்.

"பத்து வயசில வன்னிக்குப் போட்டம் அண்ணை. பிறகு அங்கைதான். கொட்டில் பள்ளிக்கூடம்."

தலைவர் தாடையைத் தடவினார். "அது பிரச்சினையில்லை. போட்டிக் குழுவுக்குக் கடிதம் குடுத்தால் சரி. ஆறாம் வகுப்பிலயிருந்து எங்கட கல்லூரியில படிச்சவர் எண்டு நான் எழுதுறன். இன்னொரு பழைய மாணவர் கையெழுத்து வைக்கவேணும், தெரியும் எண்டு."

"அண்ணைதானே கொண்டு வந்தவர்," என்று முன்னாள் கோலி என்னைக் காட்டினார். "அண்ணையே வைக்கட்டும். அவரும் எங்கட பழைய மாணவர்தானே."

அப்படி ஒருவரும் என்னை அதுவரை சொன்னதில்லை. தலைவரின் கடைக்குள்ளே, அரிசி மூட்டையின் மேல் கடிதத்தை வைத்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். தலைவர் சங்கத்தின் சீலைக் குத்தினார். நீல மை, நடுவில் கல்லூரியின் சின்னம். ஒரு பிரதியை அவனுக்கும் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். பொய் என்பது என் மனதில் படவே இல்லை.

அந்தக் கோடையில் எங்கள் முன்வரிசை வேறொன்றாகிவிட்டது. கரையில் அவன் பந்தை வாங்கினால் எதிரணியில் இரண்டு பேர் அவனிடம் போவார்கள், நடுவில் நிற்கும் நாற்பத்தொரு வயதுக்காரருக்கு இடம் கிடைக்கும். அவர் நாரியைப் பிடிப்பதை விட்டுவிட்டு கோல் அடிக்கத் தொடங்கினார். தேநீர்க் கடையில் ஒரு மணி நேரம் அவன் காலைப் பற்றியே கதை. வலது காலால் தட்டி இடது காலால் எடுக்கிறான் என்றார்கள். முதல் பத்தடியில்தான் அவன் வேகம், அதற்குப் பிறகு சாதாரணம் என்றார் முன்னாள் கோலி. நான்கூட ஒரு தடவை, "அவர் ஓடேக்கை பந்தைப் பாக்கிறேல்லை, ஆளைத்தான் பாக்கிறார்," என்றேன். "அண்ணை சரியாச் சொல்லுறார்," என்று தலைவரே சொன்னார்.

கோப்பை வென்றோம். அவனைத் தூக்கினார்கள். அவன் அந்தக் கோப்பையோடு நின்ற படத்தை மனைவிக்கு அனுப்பினான். விசா கிடைத்துவிட்டதா என்று அவள் கேட்டாளாம். இல்லை, இது பந்துக்கு என்று சொன்னானாம்.

மேன்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அவன் தன் கடதாசிகளை வீட்டு மேசையில் பரப்பினான். கிராமசேவகர் கடிதம், முகாம் அட்டை, வைத்தியரின் துண்டு. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழக்கு என்றால் சீல் உள்ள எந்தக் கடதாசியையும் விடுவதில்லை. கோயில் கடிதம், சனசமூக நிலையக் கடிதம் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கட்டாகக் கொடுப்போம். கட்டு பருத்திருந்தால் வழக்கும் பலமாக இருக்கும் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் கொடுத்தேன், எனக்கு அட்டை கிடைத்தது.

"சங்கக் கடிதத்தையும் வை," என்றேன்.

அவன் யோசித்தான். "அதில நான் யாழ்ப்பாணத்தில படிச்சதெண்டெல்லோ கிடக்கு, அண்ணை."

"அதுக்கென்ன? உவங்கள் உதெல்லாம் வாசிக்கிறாங்களே? சீலைத்தான் பாப்பாங்கள். இது இஞ்சை பதிஞ்ச சங்கம்."

அவன் என்னை நம்பினான். எனக்கு அந்தக் கடிதம் அந்தக் கட்டில் இருக்கவேண்டும் என்று ஆசை. என் கையெழுத்து அதில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

விசாரணைக்கு நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பின்னாலிருந்த வாங்கில் உட்கார்ந்தேன். முன்னால் நீதிபதிகளாக மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கடதாசிகளைப் புரட்டி, ஒன்றில் விரலை வைத்து நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "நீங்கள் பத்து வயதிலிருந்து வன்னியில் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இந்தக் கடிதம் அதே ஆண்டுகளில் நீங்கள் யாழ்ப்பாணத்தில் படித்ததாகச் சொல்கிறது. எது உண்மை?"

அவன் அந்தக் கடிதத்தையே பார்த்தான். கடிதம் பொய் என்றால் மற்றக் கடிதங்களும் பொய்யா என்று கேட்பார்கள். உண்மை என்றால் வன்னியில் நடந்ததெல்லாம் பொய்யாகிவிடும். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. நான் எழும்பி, அது நான் செய்த பிழை என்று கத்தியிருக்கலாம். அங்கே அப்படிக் கதைக்கலாமா என்று எனக்குத் தெரியாது. வாங்கிலேயே இருந்துவிட்டேன். அந்த அம்மா பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஏதோ எழுதினார்.

மூன்று கிழமையில் முடிவு வந்தது. நிராகரிப்பு.

சட்டத்தரணியிடம் போனோம். வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கலாம் என்றார். ஆனால் அந்தக் கடிதம் எப்படி வந்தது என்று கடிதம் கொடுத்தவர்களே எழுதித் தரவேண்டும். தலைவரின் எழுத்து முக்கியம், சீல் அவருடையது.

நான் தேநீர்க் கடைக்குப் போனேன். அடுத்த கோடைக்கான முன்வரிசையைப் பற்றிக் கதை நடந்துகொண்டிருந்தது. நிறுத்துவார்கள் என்று நின்றேன், அவர்கள் நிறுத்தவில்லை. கடைசியில் இடையில் புகுந்து சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் பொய்க் கடிதம் குடுத்தனான் எண்டு அரசாங்கத்துக்கு எழுதித் தரச் சொல்லுறியள். எனக்குக் கடை இருக்கு, பிள்ளையள் இருக்கு. சங்கத்தைப் பூட்டிப்போடுவாங்கள். அவர் நல்ல பெடியன், வேறை என்ன உதவி எண்டாலும் கேளுங்கோ."

"கப்பையும் திருப்பிக் குடுக்கவேணும்," என்றார் முன்னாள் கோலி.

"வழக்குக் கட்டுக்குள்ள வைக்கச் சொல்லி ஆர் சொன்னது?" என்று தலைவர் கேட்டார். "நான் பந்தடிக்கத்தானே குடுத்தனான்."

நான் வெளியே வரும்போது, அவன் இல்லாவிட்டால் ரைட் அவுட்டுக்கு யார் என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது.

கொப்பித் தாளில் நானே எழுதினேன். எனக்கு எழுத்து வராது. இரண்டு பக்கத்துக்கு மூன்று நாள் பிடித்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவனைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை, அணிக்கு ஆள் தேவைப்பட்டதால் பொய்யாகக் கையெழுத்து வைத்தேன், வழக்கில் சேர்க்கச் சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். சட்டத்தரணி வாங்கிக்கொண்டார். ஒரே வீட்டில் இருக்கும் ஒருவரின் எழுத்து மட்டும் போதுமோ தெரியாது என்றார்.

போதவில்லை. அந்தப் பதில் வருவதற்கு முன்னமே தொடருந்து நிலையத்தில் பொலிஸ் அவனை மறித்துவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தடுப்பு முகாமில் வைத்தார்கள். வதிவிட அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு பொலிஸ்காரர். அவன் சவரம் செய்யாமல் இருந்தான்.

"தலைவர் எழுதித் தந்தவரோ?"

"இல்லை."

தலையை ஆட்டினான். மேசையில் விரலால் கோடு போட்டான். என்னை ஏசுவான் என்று நினைத்து, அதற்காகவே நான் வந்திருந்தேன். அவன் நிமிர்ந்து, "ஞாயிற்றுக்கிழமை வலது கரையில ஆர் ஓடினது?" என்று கேட்டான்.

நான் அந்த ஆட்டத்துக்குப் போகவில்லை. வேலையிடத்தில் கேள்விப்பட்டதைச் சொன்னேன். ஸ்தேன் புறநகரிலிருந்து ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள், உயரமானவர், பந்து வந்தால் நின்று குனிந்து பார்க்கிறாராம் என்றேன்.

"நிக்கிறவருக்குக் காலில குடுக்கக்கூடாது அண்ணை. அவருக்கு முன்னால, வெறும் இடத்தில போடவேணும். அப்ப ஓடித்தானே ஆகவேணும். சொல்லிவிடுங்கோ."

"சொல்லுறன்."

பிறகு நடுவில் நிற்பவரைப் பற்றிக் கேட்டான். இடது கரையைப் பற்றிக் கேட்டான். பொலிஸ்காரர் கதவைத் தட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் முன்வரிசையைப் பற்றியே கதைத்தோம். என் வாழ்க்கையில் நான் ஓர் ஆளோடு அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்தது அதுதான்.

வியாழக்கிழமை அவனை விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று மனைவி தொலைபேசியில் சொன்னாள். எந்த இடத்துக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை நான் அழைப்பு எடுத்தபோது அந்த எண் வேலை செய்யவில்லை.

ஞாயிறு தேநீர்க் கடைக்குப் போய், ஸ்தேன்காரருக்குப் பந்தைக் காலில் கொடுக்க வேண்டாம், முன்னால் போடுங்கோ என்று சொன்னேன்.

"ஆர் சொன்னது?" என்றார் முன்னாள் கோலி.

"அவர்தான். ஏத்திப்போட்டாங்கள்."

தலைவர் எழும்பித் தன் கடைக்குப் போனார். மற்றவர்கள் கோப்பையைக் கையில் வைத்திருந்தார்கள், குடிக்கவில்லை. பிறகு, மெதுவாக, ஒருவர் அந்த ஸ்தேன்காரருக்கு எவ்வளவு தூரம் முன்னால் போடலாம் என்று கேட்டார். நான் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்ப அங்கே போகவில்லை.