மரகதம் அக்காவின் இரண்டு நேரம்

காலை ஆறரை மணிக்குக் கைப்பேசி அடித்தபோது பாயில் மல்லாந்து, வலது முழங்காலை நெஞ்சோடு அணைத்து, ஏழு எண்ணியிருந்தேன். பத்து முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். நடுவில் விட்டால் மரகதம் அக்காவுக்குப் பிடிக்காது. அழைத்தவர் அவருடைய தங்கை செல்வி. "அக்கா போயிட்டாக," என்றார்.

இராஜபாளையத்தில் மாடியில் இருந்த அவருடைய பிசியோதெரபி அறையில் உங்களில் பலர் குப்புறப் படுத்திருப்பீர்கள். என்னைப் போன்ற இடுப்பு வலிக்காரர்களை இத்தனை படி ஏற வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "ஏற முடிஞ்சவளுக்கு நான். முடியாதவளுக்கு டாக்டர்," என்றார். அன்பானவர் என்று இந்த அஞ்சலியில் எழுதச் சொல்கிறார்கள். எழுத மாட்டேன். நூல் மில்லில் நின்றே வேலை பார்க்கும் ஒரு பெண், பயிற்சி செய்ய நேரமே இல்லை என்று அழுதாள். "செத்தா நேரம் கெடைக்கும். அப்பம் நல்லா நீட்டி நிமிந்து படுத்துக்கோ," என்றார் அக்கா. அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் காலை நீட்டினாள்.

அவருடைய விதி ஒன்றுதான். "ஒரு நாளைக்கு ரெண்டு நேரம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒழுங்காச் செஞ்சும் வலி கேக்கலைன்னா மூணாவது நேரம் செய்யாதே. பெரிய டாக்டரைப் போயிப் பாரு." எல்லா இடுப்புக்கும் ஒரே கணக்கா என்று கேட்டேன். "ஒங்க காலேஜுல எல்லாத்துக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர்தானட்டி?"

பயிற்சி செய்யும் ஒவ்வொரு நேரத்துக்கும் காலண்டர் தாளில் ஒரு கோடு போட்டு, வாரம் ஒருமுறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒரு வாரம் நான் எதுவும் செய்யவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து ஏறியதும் ஏழு தாளிலும் கோடு போட்டுக்கொண்டு போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். "ஏட்டி, ஏழு நாளும் ஒரே பேனா. கோடெல்லாம் நடுங்குது. பஸ்ஸுல வச்சுப் போட்டியாக்கும்?" காத்திருந்த பெண்கள் பக்கம் திரும்பி, "டாக்டர் பட்டம் வாங்கியிருக்கா. கோடு போடத் தெரியலை," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

சென்ற ஆடியில் ஒரு நண்பகலில் போனபோது அக்காவே தரையில் படுத்து முழங்காலை அணைத்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. சுவரில் அவருடைய காலண்டர் தொங்கியது. அன்றைய தாளில் அதற்குள் ஐந்து கோடுகள்.

"அஞ்சு நேரமாக்கா? பஸ்ஸுல போட்டீங்களோ?" என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மேசையைப் பிடித்து எழுந்தார். "கூடச் செஞ்சா கொறஞ்சா போயிரும்?" என்று மட்டும் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஊர் திரும்பும்வரை அந்த மகிழ்ச்சி இருந்தது. அவருடைய விதி எனக்கு மனப்பாடம். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. கேலி அதைவிட ருசியாக இருந்தது.

புரட்டாசியில் அவரை மதுரையில் ஒரு மருத்துவமனையில் பார்த்தேன். முதுகெலும்பு வரை புற்று பரவியிருந்தது. எத்தனை நேரம் செய்தாலும் கேட்கிற வலி இல்லை அது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் திரும்ப வைத்தார்.

அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வா டாக்டரம்மா," என்றார். சற்று நேரம் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு அஞ்சுன்னு சரியாத்தான் எண்ணுன. பொறவு என்னத்துக்குட்டி சிரிச்ச?"

"மருந்து மயக்கத்துல பேசுதாக. மனசுல வச்சுக்கிடாதீங்க," என்றார் செல்வி.

அக்கா மயக்கத்தில் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று அந்தக் கேள்வி. மற்றது என் இடுப்பு. இப்போது ஒரு வகுப்பு முழுவதும் நின்றே பாடம் நடத்த முடிகிறது. காலையும் மாலையும் பாயை விரிக்கிறேன். பத்துவரை எண்ணுகிறேன். சரியாகத்தான் எண்ணுகிறேன்.